நூறைத் தாண்டக் கூடாது

ஏரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள்.
தோட்டத்து மயில் ஒன்று
பேசுகிறவர்களையெல்லாம் இடைமறித்து அகவுகிறதாம்.
ஜெனீவாவில், ஜூன் மாதப் புழுக்கத்தில்,
எதைக் கொண்டு எதை அளப்பது என்று
மூன்றாம் நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

பேசியது அவர்கள்.
நான் அட்டவணைக்காரன்.
சொல்வதைக் கட்டத்தில் போடுவேன்,
கட்டம் தன்பாட்டுக்குக் கூட்டிக்கொள்ளும்.

போக்குவரத்து அடர்த்திக்கு முப்பது.
போட்ட காசு திரும்புமா, அதற்கு இருபத்தைந்து.
பணம் கைவசமா, வெறும் வாக்குறுதியா: இருபது.
எல்லையில் லாரி காய்ந்து கிடக்கும் நேரத்துக்குப் பதினைந்து.
காட்டுக்கும் காற்றுக்குமாகச் சேர்த்து
மிச்சமிருந்த பத்து.
நூறைத் தாண்டக் கூடாது.
தலைவர் வெய்க்கோ பின்லாந்துக்காரர்,
இருமுவதற்கும் மன்னிப்புக் கேட்பவர்,
இதை மட்டும் மேசையைத் தட்டிச் சொன்னார்.

எழுபத்தெட்டுத் திட்டங்கள்.
முப்பத்திரண்டுக்குக் கீழே ஒரு கோடு.
மேலே இருப்பவை இந்தப் பத்தாண்டுக்குள்.
கீழே இருப்பவை பிறகு.
பிறகு என்பது
எந்த நாட்காட்டியும் அச்சிடாத மாதம்.

நாற்பத்தொன்றில் ப்ரூட் ஆற்றுப் பாலம்.
அடர்த்திப் பத்தியில் அதற்குப் பூஜ்யம்.
கட்டாத பாலத்தில் எத்தனை வண்டி ஓடும்?
மால்டோவாவின் ஜம்ஃபிரா பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தாள்.
"பாலம் இல்லை, அதனால் வண்டி இல்லை.
வண்டி இல்லை, அதனால் பாலம் இல்லை.
உங்கள் கோல்
குடித்த தண்ணீரை அளக்கும் ஐயா,
தாகத்தை அளக்காது."

பிறகு ஒரு நோட்டை எடுத்தாள்.
பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் ஒட்டகச்சிவிங்கி.
பழைய படகுத்துறைக்கு மேலே
காரில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள்,
எதிர்க்கரையில் வந்து, நின்று,
திரும்பிப் போன விளக்குகளை.
முதல் இரவு பத்தொன்பது.
இரண்டாம் இரவு மழை, ஏழு.
மூன்றாம் இரவு இருபத்தாறு,
அதில் ஒரு ரொட்டி வண்டி
அரைமணி நேரம் விளக்கை அணைக்காமல் நின்றது.
"நான்காம் இரவு தூங்கிவிட்டேன்.
அதைச் சேர்க்கவில்லை."

அலகு என்ன, என்றார் வங்கிக்காரர்.
திரும்பிய விளக்கு, என்றாள்.
கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்
மூச்சு விட்டது
எல்லார் காதிலும் விழுந்தது.

மாலை நாலு மணிக்குப் புதிய பத்தி பிறந்தது:
விடுபட்ட இணைப்பு. எட்டு.
எட்டை யாரிடமிருந்து பிடுங்குவது?
காட்டையும் காற்றையும் தொட விடமாட்டேன் என்றது ஒரு குரல்.
அடர்த்தியில் ஐந்து, காத்திருப்பில் மூன்று
வெட்டினோம். மீண்டும் நூறு.
நான் விசையை அழுத்தியதும்
வரிசைகள் திரையில் ஒன்றையொன்று தாண்டின.
ப்ரூட் முப்பதில் வந்து நின்றது.
ஜம்ஃபிரா சிரிக்கவில்லை,
நோட்டை இரண்டு கையாலும் மூடிவைத்தாள்.

முப்பத்திரண்டு முப்பத்து மூன்றானது.
அது கிர்கிஸ் மலையில் ஒரு கணவாய்,
அதன் அடியில் குடைய வேண்டிய சுரங்கம்.
இடைவெளி பூஜ்யம் புள்ளி நான்கு.
நுர்காஸி பலகையை நிமிர்த்தவில்லை.
இடைவேளையில் என்னிடம் வந்து
தொலைபேசிக்குச் சார்ஜர் இருக்குமா என்று கேட்டார்.
கொடுத்தேன்.
செருகிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"அங்கே பனி விழுந்தால் ஐந்து மாதம்.
திரும்புகிற விளக்குகூடக் கிடையாது தம்பி.
யாரும் கிளம்புவதே இல்லை."

அதற்கு என்ன அலகு என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இன்னொரு பத்தி,
இன்னொரு வெட்டு,
இன்னொருவர் சுவரைப் பார்த்திருப்பார்.

கோப்பை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும்.
ஆறு பத்துக்குப் பூட்டினேன்.
அந்தப் பத்து நிமிடத்தில் எதையும் மாற்றவில்லை, சத்தியமாக.
முப்பத்திரண்டுக்குக் கீழே கிடந்த கோட்டை மட்டும்
ஒரு தடவை
மெல்லியதாக்கிப் பார்த்தேன்.